ஃபலக்: சக்கரமா, தடமா?

மதரசாவில் ஓதியவர்களுக்கு ‘ஃபலக்’ என்றதும் குர்ஆனின் 113ஆம் அத்தியாயம்தான் நினைவுக்கு வரும். அது வேறு சொல். வைகறை என்று பொருள். அதன் கடைசி எழுத்து அடித்தொண்டையிலிருந்து எழுவது. நான் சொல்ல வரும் ஃபலக் மெல்லிய ககரத்தில் முடியும், வானத்தைப் பற்றியது. இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘க்’தான். உஸ்தாதின் பிரம்புக்குத் தெரிந்த வேறுபாடு நம் எழுத்துக்குத் தெரியாது.

இந்த ஃபலக் பிறந்த இடம் வானமல்ல. நூல் நூற்கும் தக்ளியின் தண்டில் செருகிய வட்ட வில்லைக்கு அரபியில் ‘ஃபல்கா’ என்று பெயர். உருண்டு திரண்டது, சுழல்வது என்பதே வேரின் பொருள்.

குர்ஆனில் சொல் இருமுறை வருகிறது: 21:33, 36:40. சூரியனும் சந்திரனும் ஃபலக்கில் நீந்துவதாகப் பேசும் இடங்கள் அவை. சொல் அமர்ந்திருக்கும் தொடருக்கு ஏழே எழுத்து: காஃப், லாம், ஃபா, யா, ஃபா, லாம், காஃப். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். சுழற்சியைச் சொல்லும் தொடர் தானே சுழல்வதை அரபு அணியிலக்கணக்காரர்கள் ரசித்துப் பேசியிருக்கிறார்கள்.

ஆனால் ஃபலக் என்பது என்ன பொருள்? 923இல் மறைந்த தபரீ தம் விரிவுரையில் பழைய கருத்துகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். தக்ளி வில்லை போன்றது என்றார் ஒருவர். திரிகையின் இரும்பு அச்சு போன்றது என்றார் முஜாஹித். கட்டுண்டு நிற்கும் அலை என்றனர் வேறு சிலர். எல்லாம் வீட்டிலும் கடலிலும் கண்ட பொருள்கள். வானியல் எதுவும் இல்லை.

அது பாக்தாதில் வந்து சேர்ந்தது. 827-28இல் ஹஜ்ஜாஜ் இப்னு மதர் தாலமியின் ‘அல்மஜஸ்த்’ என்ற வானியல் நூலை அரபியாக்கினார். கிரேக்கரின் வானக் கோளங்களுக்கு ஃபலக் என்ற பெயர் நிலைத்தது. தக்ளி வில்லை இப்போது ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கிய திண்மையான ஓடுகளாயிற்று: ஏழு கோள்களுக்கு ஏழு, விண்மீன்களுக்கு ஒன்று, எல்லாவற்றையும் சுழற்ற விண்மீனே இல்லாத ஒன்பதாவது.

இங்கேதான் வழக்கு தொடங்குகிறது. கற்பனை வட்டம் எதையும் நகர்த்தாது. நகர்த்த மெய்யான உடல் வேண்டும் என்று இப்னுல் ஹைதம் தாலமியையே கூண்டில் ஏற்றினார். 1259இல் மராகாவில் வானாய்வகம் தொடங்கிய நசீருத்தீன் தூசியும் அதே கவலையில்தான் திண்கோளங்களை ஒழுங்காகச் சுழலவைக்கும் புது அமைப்பை உருவாக்கினார். எதிர்ப்பக்கத்தில் கலாம் எனும் இறையியலின் அறிஞர்கள். 1355இல் மறைந்த ஈஜீ, இந்த வட்டங்கள் எல்லாம் மனத்தில் வரைந்தவை, சிலந்தி வீட்டைவிட நொய்ந்தவை என்று தள்ளினார். மனத்தில் வரைந்தவையானாலும் மெய்யோடு பொருந்துகின்றனவே, கணக்குக்கு உதவுகின்றனவே என்று அவருக்கு உரை எழுதிய ஜுர்ஜானீ பரிந்து பேசினார். சமர்கந்தில் பயின்று 1474இல் இஸ்தான்புலில் மறைந்த அலீ குஷ்ஜி இன்னும் ஒரு படி போனார்: வானியலுக்கு அரிஸ்டாட்டிலின் இயற்பியல் தேவையே இல்லை, கணக்கு ஒத்துவந்தால் போதும். அறிவியல் கோட்பாடு மெய்யைச் சொல்கிறதா, கணக்கை மட்டும் நடத்துகிறதா என்று இன்றும் தத்துவ வகுப்புகளில் நடக்கும் சண்டை, இந்த ஒற்றைச் சொல்லின் மேல் அன்றே நடந்திருக்கிறது.

1577இல் வந்த வால்மீனை டைக்கோ பிராகி அளந்தார். அது சந்திரனுக்கு அப்பால், ஓடுகள் இருப்பதாகச் சொன்ன இடத்தின் வழியே தடையின்றிப் போயிற்று. ஓடுகள் கலைந்தன, தடம் மட்டும் மிஞ்சியது. குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்புகள் ‘வட்டவரை’ என்றும் ‘சுற்றுப்பாதை’ என்றும் எழுதுவது இந்தப் பிற்காலப் பொருளை வைத்துத்தான். அதை வைத்து, கோள்பாதையை வசனம் முன்பே அறிவித்துவிட்டது என்று மேடையில் முழங்குவோர் உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அதே வசனத்தைப் பல நூற்றாண்டுகள் திண்கோளமாகப் படித்தவர்களுக்கும் அது தடையின்றி இடம் கொடுத்ததே! ஃபலக் உடலே அன்று, விண்மீன்கள் ஓடும் தடம்தான் என்ற பழைய விரிவுரையாளர் லஹ்ஹாக்கின் கருத்தை ராஸீ தம் குர்ஆன் விரிவுரையில் எடுத்தெழுதியிருப்பதும் உண்மை. அதை முன்னறிவிப்பு என்பதைவிட, சொல்லின் தளர்வான நெசவு என்பேன்.

இன்றைய அரபியில் செயற்கைக்கோளின் பாதைக்கு ‘மதார்’ என்ற வேறு சொல் வந்துவிட்டது. வானியல் துறைக்கு மட்டும் ‘இல்முல் ஃபலக்’ என்ற பெயர் நிற்கிறது. மலாய் மொழியில் அது இன்னும் சுருங்கிவிட்டது. பினாங்கின் பந்தாய் ஆச்சேயில் ஷேக் தாஹிர் ஃபலக் மையம் இருக்கிறது. அங்கே ஃபலக் என்றால் தொழுகை நேரக் கணக்கு, கிப்லாத் திசை, மாதத்தின் 29ஆம் மாலையில் கடலோரம் நின்று பிறை தேடுவது.