ராமசேரி இட்லி

காலையில் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு ஆபீஸுக்கும் ஓடும் வீடுகளில் சீரியலும் பாலும்தான் கதி. அதற்கு மாற்றாக ஒரு பழைய வழி நம்மவர்களிடமே இருக்கிறது.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில், எலப்புள்ளி பஞ்சாயத்தில் ராமசேரி என்று ஒரு சிற்றூர். பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து போன முதலியார் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக இட்லி அவிக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தறி சோறு போடாதபோது இட்லி போட்டது!

அவிப்பதிலும் நூலும் துணியும்தான். தண்ணீர் கொதிக்கும் பானையின் வாய்மேல், நூல்வலை கட்டிய மண் வளையம். அதன்மேல் ஈரத்துணி. மாவை ஊற்றி மூடினால் ஆவி துணி வழியே ஏறும். விறகு புளியமரம். வருவது நம் குண்டு இட்லி இல்லை, தட்டையாக, குட்டி ஊத்தப்பம் மாதிரி. மறுநாளும் மெத்தென்றிருக்கும் என்பதுதான் இதன் பெயரே. முந்தின நாள் அவித்து வைத்தால் காலையில் பொடியும் நல்லெண்ணெயும் போதும், அடுப்பே வேண்டாம்.

இன்று இதைக் 'கேரள ஸ்பெஷல்' என்கிறார்கள். சொல்லட்டும். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னையோடு சேர்ந்த மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. நாமாவது விமானம் ஏறி வெளியூர்க்காரர் ஆனோம். அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்தபடியே வேறு மாநிலத்தவர் ஆனார்கள். இப்போது ஒரு சில குடும்பங்களே அவிக்கின்றன. மண்பானையும் விறகுப் புகையும் அடுத்த தலைமுறைக்குப் பிடிக்குமா என்ன?