உயிரியற் கருத்தரங்கின் வரலாறும் மாணாக்கர் கடனும்

பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் மாணாக்கர் இறுதியாண்டிற் கருத்தரங்கொன்றில் உரை நிகழ்த்துதல் இன்று பெருவழக்காகும். இதனைப் பரீட்சையின் ஓர் உறுப்பென்று மட்டுங் கருதுவார் பலர். இம்முறை தோன்றி வளர்ந்த வரலாற்றை நோக்குவார்க்கு அதன் உண்மைப் பயன் புலனாகும்.

‘செமினார்’ என்னுஞ் சொல், நாற்றங்கால் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. யேர்மனியின் ஹாலே நகரில் 1787ஆம் ஆண்டில் வொல்ஃப் என்னும் பேராசிரியர் தொன்மொழி நூல்களை ஆராயுங் கருத்தரங்கொன்றை நிறுவினார். ஆசிரியர் கூற மாணாக்கர் கேட்டெழுதும் விரிவுரைமுறையைப் போலன்றி, அங்கே மாணாக்கனே மூலநூலை ஆராய்ந்து தன் முடிபை நிறுவவேண்டியவனானான். 1825இல் பான் நகரில் இயற்கை விஞ்ஞானங்களுக்கும், 1834இல் கேனிக்ஸ்பெர்க் நகரிற் கணிதம், பௌதிகம் என்பவற்றுக்கும் இம்முறை விரிந்தது. மூலநூல் பெற்ற இடத்தை ஆங்கே இயற்கைப் பொருளும் அளவீடும் பெற்றன. வினவுதலும் விடையிறுத்தலும் கற்றலின் உறுப்புகளென நன்னூலும் வகுத்துள்ளமையின், தமிழ் கற்றார்க்கு இது முற்றும் புதியதன்று.

உயிரியற் கருத்தரங்கு மாணாக்கனிடம் வேண்டுவன நான்கு: வரையறுத்த வினாவொன்றைத் தெரிதல், பாடநூலளவில் நில்லாது ஆய்வுக் கட்டுரைகளை நேரே கற்றல், கண்டதையும் கருதியதையும் வேறுபிரித்துக் கூறல், பிறர் தடையை வெகுளாது ஏற்று விடையிறுத்தல். பிறர் உரைக்குங்கால் ஒன்றும் வினவாது வாளாவிருப்பவனும் கடன் தவறியவனே.

இலங்கையில் மொழியும் ஒரு சோதனையாகின்றது. உயர்தர வகுப்புவரை உயிரியலைத் தமிழிற் கற்றோர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் உரைக்க வேண்டியவராகின்றனர். மானிப்பாயில் மருத்துவம் பயிற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1852இலேயே உடற்கூற்று நூலைத் தமிழில் வெளியிட்டார். பின்னர்த் தமிழிலேயே பாடமும் நடத்தினார். நோயாளரின் மொழியில் விளக்க இயலாத மருத்துவம் அவர்பாற் சென்று சேராதென்பதை அம்முயற்சி உணர்த்துகின்றது. உயிரியலுக்கும் இஃது ஒக்கும்.

ஒலுவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996இற் பல்கலைக்கழகமாயிற்று. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. ஒலுவிற் கரையில் 2013இல் திறக்கப்பெற்ற துறைமுகத்தின் வாயிலை மணல் தூர்த்தது. வடபாற் கரையைக் கடல் அரித்தது. மீனவர் தொழில் இடருற்றது. மணல் பெயர்ந்தவிடத்து வாழ்ந்த நண்டும் மட்டியும் என்னாயின, மீன்கள் எத்திசை பெயர்ந்தன என்னும் வினாக்களுக்குப் பிறநாட்டார் கட்டுரைகள் மட்டும் விடை தரமாட்டா. அக்கரையை ஆண்டு முழுதும் நோக்கி எண்ணிக் கணக்கிடுவோரே விடை காண்பர்.

அங்ஙனங் கண்ட விடையை அரங்கில் ஆங்கிலத்திலும், கரைவாழ் மீனவர்முன் தமிழிலும் உரைக்க வல்லராதலே மாணாக்கர் கடனாகும். நாற்றங்காலிலேயே நின்றுவிடும் நாற்று நெல் தருவதில்லை. வயலிற் சென்று வேரூன்றுவதே விளைவு தரும்.