டிட்லிவிக்கி: கிளவுட் சேமிப்பகத்தில் வைத்துத் திருத்துதல்

டிட்லிவிக்கி, தனியொருவர் தம் குறிப்புகளை எழுதி வைத்துக்கொள்ள உதவும் கட்டற்ற விக்கி மென்பொருள். பிரித்தானிய நிரலாளர் ஜெரமி ரஸ்டன் இதை 2004 செப்டம்பரில் வெளியிட்டார். எழுதிய குறிப்புகள், அவற்றைத் திருத்தும் நிரல், தேடல், தோற்ற அமைப்பு ஆகிய எல்லாமே ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் அடங்கிவிடும். எதையும் நிறுவ வேண்டாம், தரவுத்தளமும் வேண்டாம். அந்தக் கோப்பை டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் போன்ற சேமிப்பகத்தில் போட்டுவிட்டு எந்தக் கணினியின் உலாவியிலும் திறந்து எழுதுவதைப் பலர் வழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

நிரலாளர் வார்ட் கன்னிங்காம் 1995இல் தொடங்கிய விக்கிவிக்கிவெப் தளம் பலர் கூடி எழுதும் இடமாக இருந்தது. அதன் இணைப்பு முறையை ரஸ்டன் ஒருவருக்கான குறிப்பேட்டுக்குக் கொண்டுவந்தார். இதில் பக்கங்கள் கிடையாது. ‘டிட்லர்’ எனப்படும் சிறு துண்டுகள்தாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, குறிச்சொற்கள், திருத்திய நேரம் ஆகியவை இருக்கும். ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அது இணைப்பாகும். அந்தத் தலைப்பில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை என்றால் இணைப்பு சாய்வெழுத்தில் தெரியும். சொடுக்கினால் எழுதத் தொடங்கலாம். கோப்பு யூட்டிஎஃப்-8 குறியாக்கத்தில் இருப்பதால் தலைப்பும் குறிச்சொல்லும் தமிழிலேயே இருக்கலாம்.

சேமிக்கும் சிக்கல்

உலாவியில் திறந்த ஒரு பக்கத்தால், கணினியின் வட்டில் தானாக எதையும் எழுத முடியாது. பாதுகாப்புக்காக வைத்த இந்தத் தடைதான் டிட்லிவிக்கியின் வரலாறு முழுக்கத் தொடர்கிறது. தொடக்கத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஆக்டிவ்எக்ஸ், வேறு சில உலாவிகளில் ஜாவா ஆப்லெட் என்று வழி தேடினார்கள். பின்னர் ஃபயர்ஃபாக்சில் டிட்லிஃபாக்ஸ் என்ற நீட்சி பெரும்பாலோருக்குக் கைகொடுத்தது. 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளை ஏற்காததால் அதுவும் நின்றது. கூடுதல் உதவி எதுவும் இல்லாதபோது, ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கோப்பின் புதிய பிரதி பதிவிறக்கமாகும். எது கடைசிப் பிரதி என்று தேடுவது பயனர் பாடு.

கிளவுட் சேமிப்பகம் இதற்கு மாற்றாக அமைந்தது. ஆனால் கோப்பை அங்கே ஏற்றி வைத்தால் மட்டும் போதாது. டிராப்பாக்சின் இணையதளத்தில் எச்டிஎம்எல் கோப்பைச் சொடுக்கினால் விக்கி இயங்காது. ஒரு காலத்தில் பப்ளிக் கோப்புறையில் வைத்த கோப்புகள் இணையப் பக்கமாகவே திறந்தன. இலவசக் கணக்குகளுக்கு அந்தக் கோப்புறை 2017 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கூகுள் டிரைவும் இணையப் பக்கங்களை வழங்கும் வசதியை 2016 ஆகஸ்டில் மூடிவிட்டது.

ஆகவே இடையில் ஒரு செயலி தேவைப்படுகிறது. ரஸ்டனே டிராப்பாக்சுக்காக ‘டிட்லிவிக்கி இன் த ஸ்கை’ என்ற இணையச் செயலியை எழுதினார். கூகுள் டிரைவுக்கு டிட்லிடிரைவ் வந்தது. இவை பயனரிடம் அனுமதி பெற்று, சேவையின் ஏபிஐ (நிரல் இடைமுகம்) வழியாகக் கோப்பை எடுத்து உலாவியில் இயக்கி, திருத்தியதை அதே இடத்தில் திரும்ப எழுதுகின்றன. இத்தகைய செயலிக்கு அனுமதி கொடுக்குமுன், அது ஒரு கோப்புறையை மட்டும் கேட்கிறதா, சேமிப்பகம் முழுவதையும் கேட்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பழைய பிரதி புதியதை அழித்தல்

ஒரே கோப்பு என்பதுதான் இதன் பெரும் வசதி. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஒரு வரி திருத்தினாலும் முழுக் கோப்பும் புதிதாக எழுதப்படும். காலையில் வீட்டுக் கணினியில் திறந்த விக்கியை மூடாமல் அலுவலகம் போய், அங்கே பத்துக் குறிப்புகள் சேர்த்தார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் வீட்டுக் கணினியில் திறந்தே இருக்கும் பழைய பிரதியில் எழுதிச் சேமித்தால் அந்தப் பத்தும் மறைந்துவிடக்கூடும்.

இணையம் வழியாகக் கோப்பை நேரடியாக எழுத இடந்தரும் வெப்டாவ் சேவையகத்தில் வைத்தால் இதைத் தடுக்கலாம். டிட்லிவிக்கி திறக்கும்போதே சேவையகத்திடம், கோப்பு மாறினால் தானும் மாறும் ‘ஈடேக்’ அடையாளத்தைக் கேட்டு வாங்கிவைக்கும். சேமிக்கும்போது, அந்த அடையாளம் மாறாமல் இருந்தால் மட்டும் எழுது என்ற நிபந்தனையோடு அனுப்பும். இடையில் யாரேனும் மாற்றியிருந்தால் சேவையகம் 412 என்ற பிழை எண்ணோடு மறுத்துவிடும். பழையது புதியதை அழிக்காது. இவ்வளவு எளிய சோதனை எல்லாச் சேமிப்பகச் செயலிகளிலும் இருந்தாக வேண்டும். அது இல்லாத இடத்தில் காப்பாற்றுவது பழைய பதிப்புகள்தாம்: டிராப்பாக்சின் இலவசக் கணக்கில் 30 நாள் வரை முந்தைய பதிப்பை மீட்கலாம்.

கோப்பின் அளவும் கவனிக்கத்தக்கது. வெற்று விக்கியே இன்றைய பதிப்புகளில் 2 எம்பிக்கு மேல் இருக்கும். படங்களை உள்ளே பதித்தால் அவை பேஸ்64 எழுத்தாக மாறி மூன்றில் ஒரு பங்கு பெருகும். 3 எம்பி புகைப்படம் 4 எம்பி ஆகும், ஒவ்வொரு சேமிப்பிலும் அதுவும் சேர்ந்தே ஏறும். படங்களைத் தனிக் கோப்புகளாக வைத்து முகவரியை மட்டும் டிட்லரில் குறிப்பதே நல்லது.

சொந்தக் குறிப்புகளை அந்நிய சேவையகத்தில் வைக்கத் தயங்குவோருக்கு டிட்லிவிக்கிக்குள்ளேயே மறையாக்க வசதி உண்டு. கடவுச்சொல் இட்டால், சேமிப்பகத்துக்குப் போவது படிக்க முடியாத எழுத்துக் குவியல் மட்டுமே. பூட்டுவதும் திறப்பதும் பயனரின் உலாவியில்தான் நடக்கின்றன. அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத்தர எவராலும் முடியாது.