பார்சிலோனா: பழைய குரல், புதிய வாத்தியம்

2012 செப்டம்பரில் 'பார்சிலோனா' ஆல்பம் மறுபடியும் கடைக்கு வந்தபோது, அதைப் பாடிய இருவரில் ஒருவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 'குயின்' ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியும் ஸ்பெயினின் ஓபரா பாடகி மான்செராட் கபாயேயும் சேர்ந்து 1988இல் வெளியிட்ட ஆல்பம் அது. பழைய ஆல்பத்தின் மறுவெளியீடு என்றால் வழக்கமாக என்ன நடக்கும் என்பது இசைத்தட்டு வாங்குகிறவர்களுக்குத் தெரியும். இரைச்சலை நீக்கி, ஒலியைத் துலக்கி, வெளிவராத ஒன்றிரண்டு பாட்டுகளைக் கடைசியில் ஒட்டி, புது அட்டை போட்டு விற்பார்கள். இங்கே நடந்தது அதுவல்ல. இருவரின் குரல்களை மட்டும் வைத்துக்கொண்டு, சிந்தசைசரில் வாசிக்கப்பட்டிருந்த பின்னணியைக் களைந்துவிட்டு, ஸ்டூவர்ட் மோர்லி என்பவர் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்காகப் புதிதாக எழுதிய இசையைச் செக் நாட்டின் பிராக் நகரக் கலைஞர்களை வாசிக்க வைத்துச் சேர்த்தார்கள். ரசிகர்களில் பெரும்பாலோர் கொண்டாடினார்கள். இந்தப் பாட்டுகளுக்கு இத்தனை நாள் இல்லாதிருந்தது இதுதான் என்றார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். செத்தவர் வேலையில் கைவைக்க இவர்கள் யார் என்று கேட்டார்கள். இரு தரப்பும் ரசனையைப் பற்றிச் சண்டையிடுவதாகத் தோன்றும். உண்மையில் இது இரண்டு இசை மரபுகளின் வழக்கங்களுக்கு இடையிலான வழக்கு. அந்த வழக்கின் பழைய தீர்ப்புகளைப் புரட்டினால் கொண்டாடியவர்கள் பக்கம் நியாயம் அதிகம் இருப்பது தெரிகிறது. முகம் சுளித்தவர்கள் கையில் வலுவான ஒரே ஒரு வாதம் மிஞ்சுகிறது.

ஆல்பம் பிறந்த கதை இந்த வழக்குக்கு வேண்டியது. சான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்த பார்சிப் பையன் ஃபாரூக் புல்சாராதான் பின்னாளில் ஃப்ரெடி மெர்க்குரி. அவருக்கு ஓபரா மீது இருந்த மோகம் நடுவயதில் திடீரென்று வந்ததல்ல. 1975இல் வந்த 'பொஹிமியன் ராப்சடி' பாட்டின் நடுப்பகுதி ஓபராக் கோரஸைப் போல எழுதப்பட்டது. அந்த ஆல்பத்தின் பெயரிலேயே ஓபரா இருக்கிறது (மார்க்ஸ் சகோதரர்களின் சிரிப்புப் படத்திலிருந்து எடுத்த பெயர் என்பது வேறு விஷயம்). 1979இல் ராயல் பாலே நடனக்காரர்களோடு லண்டன் மேடையில் ஆடினார். 1986இல் ஸ்பெயின் தொலைக்காட்சியில் கபாயேயின் குரலைப் புகழ்ந்து பேசினார். அடுத்த மார்ச்சில் பார்சிலோனாவின் ரிட்ஸ் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். ஒரு பாட்டு சேர்ந்து பாடலாம் என்பதுதான் முதல் யோசனை. ராக் ஆல்பத்தில் எத்தனை பாட்டு இருக்கும் என்று கபாயே கேட்டாராம்; எட்டோ பத்தோ என்று பதில் வந்ததும், அப்படியானால் எட்டோ பத்தோ செய்துவிடுவோம் என்றாராம். 1992 ஒலிம்பிக் பார்சிலோனாவுக்குக் கிடைத்து சில மாதங்களே ஆகியிருந்தன. தன் சொந்த ஊரைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்ற ஆசை கபாயேக்கு இருந்தது.

இசையமைப்பில் கூட்டாளியாக இருந்தவர் மைக் மோரன். அவர் கீபோர்டில் வாசித்து மாதிரிப் பதிவு செய்வார். கபாயே பாட வேண்டிய இடங்களை மெர்க்குரியே கள்ளக் குரலில் பாடிக் காட்டுவார். உலகெங்கும் கச்சேரி ஒப்பந்தங்களோடு ஓடிக்கொண்டிருந்த கபாயே கிடைத்த நாட்களில் ஸ்டுடியோவுக்கு வந்து தன் பகுதியைப் பதிவு செய்வார். இப்படி வேலை நடக்கும்போது மாதிரிப் பதிவின் கீபோர்டு கடைசிவரை தங்கிவிடுவது இயல்பு. அங்கங்கே ஒரு வயலின், ஒரு செல்லோ என்று அசல் வாத்தியங்கள் ஒலித்தாலும், ஆர்க்கெஸ்ட்ரா என்று நம் காதில் விழுந்தது பெரும்பாலும் மோரனின் விரல்கள்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழுபதுகளில் தங்கள் ஆல்பத்தில் சிந்தசைசர் எதுவும் இல்லை என்று அட்டையிலேயே அச்சிட்டுப் பெருமைப்பட்ட குழு 'குயின்'. 1980இல்தான் அந்த விரதம் முறிந்தது. அந்தக் குழுவின் பாடகர், வாழ்நாளில் ஆர்க்கெஸ்ட்ரா மிகவும் தேவைப்பட்ட ஆல்பத்தைச் சிந்தசைசரில் முடித்தார்.

ராக் இசையில் ஒரு பாட்டு என்றால் அதன் பதிவுதான். தாளில் எழுதிய சுரங்கள் இரண்டாம்பட்சம். இன்னின்னார், இன்ன ஸ்டுடியோவில், இன்ன ஒலியோடு பதித்த அந்த நாடாவே படைப்பு; மற்றவர் பாடினால் அது வேறொரு பதிவு, மூலத்தின் நிழல். மேற்கத்திய செவ்வியல் இசையில் நிலைமை தலைகீழ். அங்கே படைப்பு என்பது இசையமைப்பாளர் எழுதிவைத்த தாள். பதிவுகளும் கச்சேரிகளும் அதன் நிகழ்த்துதல்கள். ஒன்று போனால் இன்னொன்று. அந்தத் தாளும்கூடத் தொடக்கூடாத பொருளாக இருந்ததில்லை. ஹாண்டல் இறந்து முப்பது ஆண்டு கழித்து, 1789இல், வான் ஸ்வீட்டன் என்ற வியன்னாப் பிரபு கேட்டார் என்பதற்காக மொசார்ட் ஹாண்டலின் 'மெசையா'வுக்குப் புது வாத்திய அமைப்பு எழுதினார். பாடகர்களின் வரிகள் பெரும்பாலும் அப்படியே இருக்க, கிளாரினெட்டும் மற்ற காற்று வாத்தியங்களும் சேர்ந்தன. குரல் பழையது, வாத்தியம் புதியது, மூல ஆசிரியர் கல்லறையில்: 2012இல் பிராகில் நடந்ததன் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. மொசார்ட்டை யாரும் கல்லறைத் திருடன் என்று சொல்லவில்லை.

1988இல் இரண்டு குரல்கள் எல்லையைத் தாண்டின, ஆனால் ஆல்பம் ராக் வழக்கப்படியே, மாற்ற முடியாத ஒரு பதிவாகவே பிறந்தது. 2012இல்தான் அது செவ்வியல் வழக்கத்துக்குள் வந்தது. அதாவது, வேறொருவர் வேறு வாத்தியங்களோடு எடுத்துச் செய்யக்கூடிய படைப்பானது. வயலின்கள் நிஜமானவை என்பதைவிட இது பெரிய மாற்றம். இதற்கான அறிகுறிகள் முன்பே தெரிந்தன. 'பயிற்சி' என்ற பெயரோடு மெர்க்குரி சொல்லில்லாமல் பாடிய ஒரு மெட்டை கபாயே கோவென்ட் கார்டனில் மோரனின் பியானோவோடு பாடினார். அதே மெட்டு ஸ்பானிஷ் வரிகளோடு ஆல்பத்தில் 'என்சுவென்யோ' ஆயிற்று. 2000இல் ரஸ்ஸல் வாட்சன் என்ற ஆங்கிலேய டெனர், மான்செஸ்டரின் ராக் பாடகர் ஷான் ரைடரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தலைப்புப் பாட்டைப் பாடினார். கபாயே இடத்தில் டெனர், மெர்க்குரி இடத்தில் சுருதியைப் பற்றி அதிகம் கவலைப்படாத ஒருவர்! கேட்க விநோதமாக இருந்தாலும், பாட்டு உடையவில்லை. பலர் கைபட்டும் உடையாத பாட்டு ஏற்கெனவே பாடாந்தரத்துக்குள் வந்துவிட்ட பாட்டு.

இசைத்தட்டுத் தொழிலுக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. ஓபரா பாடகர் என்ரிக்கோ கரூசோ 1921இல் இறந்தார். அவர் பாடியதெல்லாம் மின்சாரப் பதிவு வருவதற்கு முந்தைய காலம். புனல் முன்னால் நின்று உரக்கப் பாட வேண்டும், வயலின் ஒலி புனலுக்குள் சரியாக ஏறாது, தாழ்ந்த தந்திகளுக்குப் பதில் டியூபா ஊத வேண்டும். 1925இல் மைக்கும் மின்பதிவும் வந்தபின் அந்தத் தட்டுகள் கேட்பவர் காதுக்குத் தகர டப்பாவாயின. 1932இல் விக்டர் கம்பெனி ஒரு வழி கண்டது. பழைய தட்டை ஓடவிட்டு, முடிந்த மட்டும் பழைய பின்னணியை அமுக்கி, ஹெட்ஃபோன் மாட்டிய கண்டக்டர் கரூசோவின் குரலைப் பின்தொடர்ந்து புது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த, எல்லாவற்றையும் சேர்த்துப் புதுத் தட்டில் பதித்தார்கள். இரண்டாயிரத்தையொட்டி வியன்னாவின் வானொலி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து அதே வேலை மறுபடி நடந்தது. 1991இல் நடாலி கோல் தன் தந்தை நாட் கிங் கோலின் பழைய குரலோடு சேர்ந்து பாடினார், அதற்குப் பிறகு கிராமியும் வாங்கினார். 2015இல் எல்விஸ் பிரெஸ்லியின் குரலுக்கு லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசித்தது. இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது தவறு. எல்விஸின் பாட்டுகளுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. கிட்டாரும் டிரம்ஸும் அவற்றின் உடம்பு, அவற்றின் மேல் வயலின் போர்த்தியது வெறும் அலங்காரம். கரூசோவின் விஷயத்தில் ஆர்க்கெஸ்ட்ரா முதலிலேயே இருந்தது, கருவி பிடிக்கவில்லை. 'பார்சிலோனா'வில் ஆர்க்கெஸ்ட்ரா எழுதியவர்கள் மனத்தில் மட்டும் இருந்தது. சிந்தசைசர் செய்ததெல்லாம் அதைப் பாவனை செய்ததுதான். பாவனை செய்யப்பட்ட பொருளையே கொண்டுவந்து வைப்பதற்கு, இருந்த ஒன்றை மூடுவதைவிட உரிமை அதிகம்.

மெர்க்குரி விரும்பியிருந்தால் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் காசு கொடுத்திருக்க முடியாதா, அவர் சிந்தசைசரைத் தேர்ந்தெடுத்தார் என்றே கொள்ள வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்பதுகளில் அந்தக் கருவி மலிவின் அடையாளமல்ல, புதுமையின் அடையாளம் என்பதும் உண்மை. ஆனால் தேர்வு என்பதற்கு மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். ஒருவருக்குக் கச்சேரிகள் நிற்கவில்லை. மற்றவர் 1987இலேயே தன் நோயை அறிந்திருந்தவர். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் எண்பது வாத்தியக்காரர்கள் முன்னால் நிறுத்துவதற்கான காலம் அவர்களிடம் இல்லை. 1988 அக்டோபரில் பார்சிலோனாவில் ஸ்பெயினின் அரச தம்பதி முன்னிலையில் நடந்த விழாவில்கூட, முன்பே பதிவானதற்கு வாயசைக்கத்தான் முடிந்தது. 1992இல் ஒலிம்பிக் வந்தபோது பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. மெர்க்குரி முந்தைய நவம்பரிலேயே இறந்துவிட்டார்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. செவ்வியல் இசையில் புது ஆர்க்கெஸ்ட்ரா வந்தால் புதுக் குரலும் வரும். பாடகி மூச்சை இழுத்துப் பிடித்தால் கண்டக்டர் காத்திருப்பார், அவர் முடுக்கினால் இவர் பின்னால் ஓடுவார். இங்கே குரல் 1987லும் 88லும் உறைந்து கிடக்கிறது. சிந்தசைசரின் சீரான காலப்பிரமாணத்தில் பாடிய குரலுக்கு, இருபத்தைந்து ஆண்டு கழித்து எண்பது பேர் காலடி பிசகாமல் நடக்க வேண்டும். கபாயேயின் புகழ் அவருடைய மெல்லிய உச்சஸ்தாயியை நினைத்த நேரம் நீட்டுவதில் இருந்தது. அந்த நீட்டலுக்கு ஆர்க்கெஸ்ட்ரா பதில் சொல்ல முடியாது, ஒத்துப்போக மட்டுமே முடியும். இதை மறுப்பதற்கில்லை. புது ஆல்பத்தின் வேகமான இடங்களில், 'தி கோல்டன் பாய்' பாட்டில் டிரம் மெஷினுக்குப் பதில் டிரம்மர் ரூஃபஸ் டெய்லர் வாசிக்கும் இடங்களில், இது உறுத்துவதில்லை. மெதுவான இடங்களில் உறுத்துகிறது. ஆகவே 2012இன் ஆல்பத்தை முழுமையான செவ்வியல் நிகழ்த்துதல் என்று புகழ்ந்த ரசிகர்கள் கொஞ்சம் மிகைப்படுத்தினார்கள்.

ஆனாலும் பழைய ஆல்பம் அழகற்றது, புதியது அதைத் திருத்திவிட்டது என்று அவர்கள் சொன்னதில்தான் பெரிய தவறு. இதற்கும் ஓபராவிலேயே பாடம் உண்டு. முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கொடுனோவ்' ஓபராவின் வாத்திய அமைப்பு கரடுமுரடானது, தெரியாமல் எழுதியது என்று அவர் காலத்தவர் நினைத்தார்கள். அவர் இறந்தபின் நண்பர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் அன்போடுதான் அதை இழைத்துப் பளபளப்பாக்கினார். 1908இல் பாரிஸில் ஷாலியாப்பின் பாடி உலகுக்கு அறிமுகமானது அந்தப் பளபளப்பான போரிஸ்தான்; பல பத்தாண்டுகள் மேடைகளை அதுவே ஆண்டது. பிறகு ஷோஸ்டகோவிச் இன்னொரு வாத்திய அமைப்பு எழுதினார். இன்று பெரிய ஓபரா அரங்குகள் பெரும்பாலும் முசோர்க்ஸ்கியின் சொந்த வாத்திய அமைப்புக்கே திரும்பிவிட்டன. கரடுமுரடு என்று ஒதுக்கியதுதான் அவர் கேட்ட ஒலி என்று இப்போது சொல்கிறார்கள். ராக் பக்கமும் இதே திரும்பல் உண்டு: 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்' பாட்டின் மேல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 1970இல் வயலின்களையும் கோரஸையும் ஏற்றினார்; அவை இல்லாத வெறும் பதிவை 2003இல் பீட்டில்ஸ் தரப்பே வெளியிட்டது. ரிம்ஸ்கி செய்தது குற்றமல்ல. அவர் இல்லாவிட்டால் பாரிஸ் அந்த ஓபராவைக் கேட்டே இருக்காது. முசோர்க்ஸ்கி எழுதிய தாள் அழியாமல் இருந்ததால்தான் திரும்பிப் போகவும் முடிந்தது.

முகம் சுளித்தவர்களிடம் மிஞ்சும் ஒரே வாதம், பழையது அழியாமல் இருக்க வேண்டும் என்பதுதான், அது வலுவானது. எண்பதுகளின் அந்தச் சிந்தசைசர் இன்று நமக்குப் பிளாஸ்டிக் பூ மாதிரித் தோன்றலாம்; ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்பவர்களுக்கு ஒரு காலத்தின் முகமாகத் தோன்றக்கூடும். கைவைக்க இவர்கள் யார் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது: மொசார்ட்டுக்கும் ரிம்ஸ்கிக்கும் இருந்த உரிமைதான், 2018இல்தான் மறைந்த கபாயே அப்போது உயிரோடும் இருந்தார். ஆனால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் விற்கிற உரிமை எந்தக் கம்பெனிக்கும் கிடையாது. பாட்டின் உரிமையாளர்கள் இரண்டு பதிவுகளையும், இது 1988, இது 2012 என்று தெளிவாகக் குறித்து, எப்போதும் விற்பனையில் வைத்திருக்க வேண்டும். புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 1988இன் பதிவில் தொடங்கட்டும். 'தி ஃபாலன் பிரீஸ்ட்' பாட்டை அதில் ஒருமுறையும் 2012இல் ஒருமுறையும் கேட்டால் புது ஆர்க்கெஸ்ட்ரா கொடுத்தது தெரியும். 'கைட் மீ ஹோம்' பாட்டை அப்படிக் கேட்டால் அது எடுத்துக்கொண்டதும் தெரியும்.