பனி கிடக்கும்போதே கொளுத்தியவர்கள்

2023 ஜூன் 7. நியூ ஜெர்சியில் மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் லைட் போட வேண்டியிருந்தது. வானம் மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஜன்னல்களை எல்லாம் சாத்தியும் விறகடுப்பு வாசம் போகவில்லை. "யாருப்பா கொளுத்தினா?" என்று கேட்டாள் மகள். கனடாவில் கியூபெக் மாகாணத்துக் காடு எரியுது, மின்னல் விழுந்து பிடிச்ச தீ என்றேன். "அப்போ அணைக்க வேண்டியதுதானே?" என்றாள்.

முதல் கேள்விக்குச் செய்தித்தாளில் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வருஷம் கனடாவில் எரிந்த காடு சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர். நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான். இவ்வளவு பணமும் விமானமும் இருக்கிற நாட்டில் ஏன் அணைக்க முடியவில்லை?

நான் வனவியல் படித்தவன் இல்லை. பிஇ முடித்து, இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ராத்திரியில் பழைய அறிக்கைகளைத் தோண்டிப் படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அப்படிப் படித்ததில் தெரிந்தது இது: "அணைக்க வேண்டியதுதானே" என்று என் மகள் கேட்டதை ஒரு அரசாங்கமே பல பத்தாண்டுகள் கொள்கையாக வைத்திருந்தது. அதற்கு விலையும் கொடுத்தது.

கதை 1910-ல் தொடங்குகிறது. அமெரிக்க வனத்துறை அப்போது ஐந்து வயதுக் குழந்தை. ஐடஹோ, மொண்டானா மலைக்காடுகளில் அந்தக் கோடை முழுக்க அங்கங்கே சிறு தீ எரிந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் புயல்காற்று அடித்தது. இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் சாம்பல். 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் தீயணைக்கப் போன கூலியாட்கள். எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் தள்ளி, வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கி காட்டி நிறுத்திவைத்தார். சிலர் உள்ளேயே இறந்தார்கள்; பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் மண்கொத்தி உள்ள கருவி ஒன்று இன்றும் அவர் பெயரில்தான் புழங்குகிறது.

இந்தப் பேரழிவிலிருந்து வனத்துறை கற்ற பாடம் ஒன்றே ஒன்று: தீ எதிரி. 1910-ல் அந்த வட்டாரத்தில் அதிகாரியாக இருந்து எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர் ஃபெர்டினாண்ட் சில்காக்ஸ். பின்னாளில் துறைக்கே தலைவரானார். 1935-ல் அவர் ஒரு விதி போட்டார். எங்கே தீ தென்பட்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் வந்தாக வேண்டும். முடியவில்லையா, அதற்கடுத்த நாள் காலை 10 மணிக்குள். இப்படியே தொடர வேண்டும். 1944-ல் தொப்பி போட்ட கரடி ஸ்மோக்கி வந்து, காட்டுத்தீயைத் தடுப்பது உன் கடமை என்று குழந்தைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தது. 10 மணி விதியை முழுசாகக் கைவிட்டது 1978-ல்தான்.

சில்காக்ஸைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தன் ஆட்களின் பிணத்தைப் பார்த்த மனிதர் வேறு எப்படி யோசிப்பார்?

ஆனால் மாற்றுக் கருத்து இல்லாமல் இல்லை. வேடிக்கை பாருங்கள், அதே 1910 ஆகஸ்டில் ஸன்செட் பத்திரிகையில் ஜார்ஜ் ஹாக்ஸி என்பவர் தீ காட்டுக்கு எப்படி உதவுகிறது என்று கட்டுரை எழுதியிருந்தார். அவ்வப்போது லேசாகக் கொளுத்திவிட்டால் சருகும் சுள்ளியும் சேராது, பெருந்தீ வராது என்பது அந்தத் தரப்பின் வாதம். பழங்குடிகள் காலங்காலமாகச் செய்ததும் இதைத்தான். படித்த வன அதிகாரிகள் சிரித்தார்கள். பையூட் என்பது ஒரு பழங்குடியின் பெயர். இந்த முறைக்கு 'பையூட் வனவியல்' என்று நக்கலாகப் பெயர் வைத்தார்கள். கனடாவில் அதற்கும் முன்பே, 1874-ல், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் காட்டில் தீ வைப்பதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்துவிட்டது.

அப்படி அவர்களுக்கு என்னதான் தெரிந்திருந்தது? 1970-களில் ஹென்றி லூயிஸ் என்ற மானுடவியலாளர் கனடாவின் வடக்கு ஆல்பர்ட்டாவுக்குப் போய் கிரீ, டெனே இனப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். அவர்கள் சொன்னதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு எளிமை.

அவர்கள் கொளுத்தியது வசந்தத்தின் தொடக்கத்தில். வெயில் படுகிற புல்வெளியிலும் ஓடைக்கரையிலும் பனி உருகி, போன வருஷத்துப் புல் காய்ந்து கிடக்கும். பக்கத்தில் மரநிழலுக்குள் பனி இன்னும் உருகாமல் இருக்கும். புல்லில் வைத்த தீ காட்டின் ஓரம் வரை போய், பனியைத் தொட்டதும் தானாக அணைந்துவிடும். வேலி போட வேண்டாம், தண்ணீர் தெளிக்க வேண்டாம். கருகிய இடத்தில் சீக்கிரமே இளம்புல் வரும்; புல்லுக்கும் தளிருக்கும் மூஸ் மான் வரும்; வேட்டைக்கு அலைய வேண்டாம். நடைபாதையும் குடிசையைச் சுற்றிய இடமும் சுத்தமாகிவிடும். ஒரு மாதம் தள்ளிக் கொளுத்தினால் அதே தீ காட்டுக்குள் போய்விடும். ஆகவே அவர்களிடம் இருந்தது ஒரு பஞ்சாங்கம் என்பேன். எந்த இடத்தை, எந்த வாரத்தில், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு. சட்டம் தடுத்தபோது நின்றுபோனது தீ மட்டுமல்ல, அந்தக் கணக்கை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையும்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "கொளுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லீங்க. காட்டுக்குக் காடு கணக்கு வேறு. தாழ்வான, வறண்ட மலைச்சரிவில் நிற்கும் பாண்டரோசா பைனுக்குத் தடித்த பட்டை. சில வருஷங்களுக்கு ஒருமுறை தரையோடு ஓடுகிற சின்னத் தீ அதை ஒன்றும் செய்யாது. அந்தத் தீயை நூறு வருஷம் அணைத்ததால்தான் அடியில் இளமரங்கள் நெருக்கமாக வளர்ந்து, தீ உச்சிக்கு ஏற ஏணி ஆகிவிட்டன. எங்கள் தொழிலில் சின்னப் பிழைகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் ஒருநாள் மொத்த சர்வரும் படுத்துவிடுமே, அதே கதை.

வடக்கே உள்ள ஸ்ப்ரூஸ் காடும், லாட்ஜ்போல் பைன் காடும் அப்படி இல்லை. அவை இயல்பிலேயே நூறு வருஷத்துக்கு ஒருமுறை, இருநூறு வருஷத்துக்கு ஒருமுறை என்று மொத்தமாக எரிந்து, மொத்தமாக முளைப்பவை. லாட்ஜ்போல் பைனின் காய்கள் பல, பிசினால் ஒட்டி மூடியே கிடக்கும். தீயின் சூட்டில் பிசின் உருகினால்தான் விதை விழும். 1988-ல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தது. சுமார் 25,000 பேர் போராடினார்கள். செப்டம்பர் 11-ம் தேதி பெய்த பனிதான் அதை அடக்கியது. பூங்கா செத்துவிட்டது என்று டிவியில் ஒப்பாரி வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சாம்பலில் பைன் கன்றுகள் நாற்றங்கால் மாதிரி முளைத்தன.

பிரச்சினை, அந்தக் காட்டுக்குள் இப்போது நாம் வீடு கட்டியிருக்கிறோம். கோடையும் முன்னைவிடச் சூடு. 2016 மே மாதம் அதே வடக்கு ஆல்பர்ட்டாவில் ஃபோர்ட் மெக்மரி நகரமும் அதன் சுற்றுப்புறமும் எரிந்தபோது சுமார் 88,000 பேர் ஊரைவிட்டுப் போனார்கள். சுமார் 2,400 கட்டடங்கள் போயின. பழைய முறை தொடர்ந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் குடியிருப்பைச் சுற்றிக் காய்ந்ததை எல்லாம் பனி கிடக்கும்போதே எரித்துவிடு என்ற அறிவு அந்த மண்ணிலேயே இருந்தது என்பது மட்டும் உறுத்துகிறது.

கனடாவின் தேசியப் பூங்காத் துறை 1983-ல் பான்ஃப் பூங்காவில் திட்டமிட்டுத் தீ வைக்க ஆரம்பித்தது. இப்போது சில இடங்களில் பழங்குடிகளே முன்னின்று செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதற்கும் புகை உண்டு. இங்கேதான் என் சொந்தக் கணக்கு இடிக்கிறது.

நியூ ஜெர்சியின் தெற்கே பைன் பாரன்ஸ் என்ற பெருங்காடு இருக்கிறது. அங்கேயும் தீயில் காய் திறக்கும் பைன் உண்டு. ஒவ்வொரு குளிர்காலக் கடைசியிலும் மாநிலத் தீயணைப்புக்காரர்கள் அதில் பகுதி பகுதியாகத் தீ வைக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் மார்ச் மாதம் கடற்கரைக்குக் காரில் போகும்போது புகை சூழ்ந்தது. "ஊரில் குழந்தைகுட்டி இருக்கு, இப்படியா கொளுத்துவாங்க" என்று ஃபோன் போட்டுப் புகார் சொன்னவன் நான். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாக, "சார், இப்ப இல்லேன்னா ஏப்ரல்ல எரியும்" என்றார். எனக்குப் புரியவில்லை.

இப்போது புரிகிறது. இந்த மார்ச்சில் மகளோடு அதே சாலையில் போனேன். மரங்களுக்கு இடையே மஞ்சள் சட்டைக்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். முழங்கால் உயரத் தீ, சாலையோரம் வந்து நின்றது. "யாருப்பா கொளுத்தினா?" என்றாள்.

"அவங்கதான்" என்று கை காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவள் அடுத்துக் கேட்கப்போகிற கேள்விக்காகக் காத்திருந்தேன். இந்தமுறை பதில் இருந்தது.