திரு (அடைமொழி)

திரு என்பது தமிழிலும் மலையாளத்திலும் பெயருக்கு முன் நின்று உயர்வையோ புனிதத்தையோ உணர்த்தும் அடைமொழி. தனித்து நின்றால் பெயர்ச்சொல். செல்வம், அழகு, பொலிவு, திருமகள் என்று அகராதிகள் பொருள் தரும். வள்ளுவர் செல்வம் என்ற பொருளில் இதை ஆள்கிறார். அவர் நூலின் பெயரிலோ இது புனிதத்தைச் சுட்டுகிறது.

வருமொழி உயிரெழுத்தில் தொடங்கினால் இடையில் வகரம் தோன்றும்: திருவாரூர், திருவையாறு. வல்லினம் வந்தால் அது மிகும்: திருக்கோவிலூர், திருத்தணி. மெல்லினம் வந்தால் மாற்றமில்லை: திருநெல்வேலி, திருமலை. இருபத்தேழு நட்சத்திரங்களில் ஆதிரைக்கும் ஓணத்துக்கும் மட்டுமே இந்த அடைமொழி வழங்குகிறது. முன்னது சிவனுக்கு உரியது, பின்னது திருமாலுக்கு.

இச்சொல்லின் வாழ்வை நன்றாகக் காட்டும் ஊர் திருவனந்தபுரம். நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இவ்வூரை ‘அனந்தபுரநகர்’ என்றே பாடுகிறார். அங்கே முன்னொட்டு இல்லை. அனந்தன் என்ற பாம்பின்மேல் பத்மநாபன் பள்ளிகொண்ட தலம் என்ற மதிப்பே ஊர்ப்பெயரின் முன் திருவை ஏற்றியது. உள்ளூர் மலையாளிகள் பேச்சில் ‘திருவந்தோரம்’ என்பார்கள். எவ்வளவு சுருக்கினாலும் திரு மட்டும் தேய்வதில்லை.

தேய்த்தது ஆங்கில எழுத்துமுறை. திருவனந்தபுரம் ட்ரிவாண்ட்ரம் ஆனது; திருவிதாங்கூர் ட்ராவன்கூர், திருவல்லிக்கேணி ட்ரிப்ளிக்கேன், திருநெல்வேலி டின்னவெல்லி. ஆனாலும் பழி முழுவதையும் வெள்ளைக்காரர்மேல் போடுவது நியாயமல்ல. மலையாளமே பல இடங்களில் இதை ‘த்ரு’ என்று குறுக்கியிருக்கிறது. திருச்சிவப்பேரூர் த்ருச்சூர் ஆனது அப்படித்தான். 1991இல் கேரளத் தலைநகரின் பெயர் ஆங்கிலத்திலும் திருவனந்தபுரம் என்று மாற்றப்பட்டது. விமான நிலையத்தின் டிஆர்வி என்ற குறியீட்டில் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திருவிதாங்கூர் என்ற நாட்டுப்பெயர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் திருவிதாங்கோட்டிலிருந்து வந்தது. 1750 ஜனவரி 3 அன்று மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபனுக்கு ஒப்படைத்து, தன்னைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். அந்தச் சடங்கின் பெயரும் திருப்படித்தானம். அரசன் இறைவனின் ஊழியன் என்று ஆனபின் அரண்மனைச் சொற்களிலும் திரு நிறைந்திருந்ததில் வியப்பில்லை. மன்னரைத் ‘திருமனசு’ என்றார்கள். அவர் எழுத்து ‘திருவெழுத்து’.

இவற்றுள் தமிழருக்குப் புதிதாகத் தோன்றுவது ‘திருநாள்’. நமக்கு அது பண்டிகை. அங்கே அரச குடும்பத்தாரின் பிறந்த நட்சத்திரம். சுவாதியில் பிறந்தவர் சுவாதித் திருநாள் ராம வர்மா (1813–1846), கீர்த்தனைகள் இயற்றிய மன்னர். 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேச அறிவிப்பை வெளியிட்டவர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா. அவர் பெயரில் திருவனந்தபுரத்தில் இயங்கும் மருத்துவ நிறுவனத்தைத் தமிழகத் தென்மாவட்ட நோயாளிகள் ‘ஸ்ரீசித்ரா’ என்கிறார்கள். முழுப்பெயரில் ஸ்ரீயும் திருவும் சேர்ந்தே இருக்க, பேச்சில் ஸ்ரீ மட்டும் தங்கியது.

கேரளக் கிறிஸ்தவர்களும் இச்சொல்லை விடவில்லை. ஆயரைத் ‘திருமேனி’ என்று மரியாதையாக அழைப்பார்கள். நம்பூதிரிக்கு உரிய அதே விளி. தமிழகத்தில் திருச்சபை, திருப்பலி, திருத்தந்தை என்று இன்னும் தாராளமாகப் புழங்குகிறது. வைணவ வழக்கில் ‘திருநாட்டுக்கு எழுந்தருளினார்’ என்றால் பரமபதம் அடைந்தார் என்று பொருள்.

இரு மாநிலங்களும் பிரியும் இடம் ஒன்று உண்டு. மலையாளத்தில் ஓர் ஆணின் பெயருக்கு முன் இன்றும் ‘ஸ்ரீ’ தான். திரு கடவுளுக்கும் அரசருக்கும் ஆயருக்கும் உரியதாக நிற்கிறது. தமிழ்நாட்டில் 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபின் அரசு வழக்கில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி நீங்கி திரு, திருமதி, செல்வி இடம்பெற்றன. கோயில் வாசலில் காத்திருந்த சொல் மின்கட்டண அட்டையில் எல்லோர் பெயருக்கும் முன்னால் வந்தது. இச்சொல்லின் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் இதுவே என்று சொல்லலாம். பின்னர் மு. கருணாநிதி ஆட்சிக்காலத்தில் ‘திருநங்கை’ என்ற சொல் பரவியது. இழிசொற்களால் அழைக்கப்பட்டவர்கள் மதிப்புமிக்க ஒரு பெயரைப் பெற்றார்கள். ‘திருநம்பி’ அதன் இணைச்சொல்.