ஊமத்தைப் புகை முதல் நான்கு கேள்விகள் வரை: ஆஸ்துமா மருத்துவத்தின் வரலாறு

மூச்சுக்குழாய்களின் உட்புறம் அழன்று வீங்குவதாலும், அவற்றைச் சுற்றியுள்ள தசை இறுகுவதாலும் உண்டாகும் நோய் ஆஸ்துமா. இதில் இழுப்பு, இருமல், நெஞ்சிறுக்கம் ஆகியவை விட்டுவிட்டு வரும். தமிழில் இரைப்பு, ஈளை, இழுப்பு என்றும், சித்த மருத்துவத்தில் சுவாசகாசம் என்றும் இதனைக் குறிப்பர். இந்நோய்க்கு மருந்து தேடிய வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

கோயில் மலரும் புகை மருந்தும்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் உள்ளது. சிவபெருமானுக்கு உரிய மலர்களுள் ஒன்று ஊமத்தை. தேவாரத்தில் இது மத்தம் எனப்படுகிறது. காவிரிப் படுகையில் வாய்க்கால் ஓரங்களிலும் குப்பைமேடுகளிலும் தானே முளைக்கும் இச்செடி நஞ்சுடையது. எனினும் அதை உலர்த்திப் புகைத்தால் இழுப்பு தணியும் என்பதை நாட்டு மருத்துவர்கள் அறிந்திருந்தனர்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனும் இம்முறையைக் கையாண்டார். ஜெனரல் ஜென்ட் என்னும் படை அதிகாரி 1802இல் இதைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். சில ஆண்டுகளில் அங்குள்ள மருத்துவ இதழ்கள் இதைப் பற்றி எழுதின. பின்னர் ஊமத்தை இலை அடைத்த ஆஸ்துமா சிகரெட்டுகள் மேலை நாட்டு மருந்துக்கடைகளில் நெடுங்காலம் விற்பனையாயின.

ஊமத்தையில் உள்ள அட்ரோபின் போன்ற பொருள்கள் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துகின்றன. அளவு மீறினால் அவையே பிதற்றலையும் மரணத்தையும் உண்டாக்கும். ஆகவே இன்று எவரும் இதனைப் புகைக்கக் கூடாது. அட்ரோபினை மாற்றியமைத்து உருவாக்கிய இப்ராட்ரோபியம் என்ற மருந்து இன்ஹேலர் வடிவில் இப்போதும் பயன்படுகிறது.

தணிப்பு மருந்தின் எல்லை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்ரினலின் ஊசியும், 1920களில் எபிட்ரினும் வந்தன. 1956இல் அளவாக மருந்தைத் தெளிக்கும் கையடக்க இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. நோயாளிக்கு இது பெரும் விடுதலை. ஆனால் 1960களில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென உயர்ந்தன. ஐசோபிரினலின் இன்ஹேலரை அளவின்றிப் பயன்படுத்தியதும், அதையே நம்பி மருத்துவரிடம் செல்லத் தாமதித்ததும் காரணங்களாகக் கருதப்பட்டன.

புகையானாலும் இன்ஹேலரானாலும் இம்மருந்துகள் செய்த வேலை ஒன்றே: இறுகிய தசையைத் தளர்த்தின. உள்ளிருக்கும் அழற்சியை அவை ஆற்றவில்லை. 1972இல் வந்த பெக்ளோமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இன்ஹேலர் அந்த அழற்சியைக் குறைத்தது. ஆனால் இது உடனே பலன் காட்டாது. நாள்தோறும் தொடர வேண்டும். அதனால்தான் திணறல் இல்லாத நாள்களில் பலர் இதை நிறுத்திவிட்டு, உடனே சுகம் தரும் இன்ஹேலரை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்கின்றனர்.

நான்கு கேள்விகள்

1993இல் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கத் தேசிய இதய, நுரையீரல், இரத்த ஆய்வு நிறுவனமும் இணைந்து ஆஸ்துமாவுக்கான உலகளாவிய முன்முயற்சியைத் தொடங்கின. 2006இல் அதன் வழிகாட்டி, நோய் எவ்வளவு கடுமையானது என்பதைவிட எவ்வளவு கட்டுப்பட்டுள்ளது என்பதை முன்னிறுத்தியது. கடந்த நான்கு வாரங்களைப் பற்றி வயது வந்தோரிடம் இன்று கேட்கப்படுபவை இவை:

1. பகலில் வாரத்துக்கு இரு முறைக்கு மேல் தொல்லை இருந்ததா?
2. ஆஸ்துமாவால் இரவில் விழிக்க நேர்ந்ததா?
3. உடனடித் தணிப்பு இன்ஹேலர் வாரத்துக்கு இரு முறைக்கு மேல் தேவைப்பட்டதா?
4. வழக்கமான வேலை தடைப்பட்டதா?

நான்குக்கும் ‘இல்லை’ என்றால் நல்ல கட்டுப்பாடு. ஒன்று அல்லது இரண்டு ‘ஆம்’ என்றால் ஓரளவு கட்டுப்பாடு. மூன்றோ நான்கோ ‘ஆம்’ என்றால் கட்டுப்பாடு இல்லை. அப்போது மருத்துவர், நோயாளி இன்ஹேலரைச் சரியாக உறிஞ்சுகிறாரா, நாள்தோறும் எடுக்கிறாரா, புகையும் தூசியும் சூழ வாழ்கிறாரா என்று பார்த்த பிறகே மருந்தைக் கூட்டுவார். சில மாதங்கள் நல்ல கட்டுப்பாடு நீடித்தால் படிப்படியாகக் குறைக்கவும் செய்வார். சால்புட்டமால் போன்ற உடனடித் தணிப்பு மருந்தை மட்டும் தனியாக நம்பியிருக்கக் கூடாது என்று 2019இல் அந்த வழிகாட்டி தெளிவாக அறிவித்தது.

இக்கேள்விகளுக்கு விடை கூறக் கருவி எதுவும் தேவையில்லை. தாராசுரத்தில் பட்டுத்தறியில் அமர்பவரும், சுற்றுவட்டாரக் களங்களில் நெல் தூற்றுபவரும் தாமே எண்ணிப் பார்க்கலாம். இரவில் இழுப்பால் எழுந்து உட்காருவது ‘வழக்கம்தானே’ என்று பல ஆண்டுகளாகப் பழகிப்போனவருக்கு, அது வழக்கமன்று, நோய் கட்டுப்படவில்லை என்பதன் அடையாளம் என்று இரண்டாம் கேள்வி உணர்த்தும்.